தாத்தாவின் நான்கு வண்டிகள்



பி.காம். படிக்கிற எல்லோரும் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ஐத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். ஒரு பொருள் யார் கையில் இருக்கிறது என்பது வேறு, அது யாருக்குச் சொந்தம் என்பது வேறு. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எனக்கு இது புரிந்தது தாத்தாவின் தகரப் பெட்டியைக் கிளறியபோதுதான். கோவில்பட்டிக்காரர், அரசாங்க குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு ரசீதைக் கூடத் தூக்கிப் போடாத மனிதர். வாழ்க்கையில் அவர் வைத்திருந்த வண்டிகள் நான்கு. நான்கின் காகிதங்களும் பெட்டியில் இருக்கின்றன.

முதலாவது சைக்கிள். 1962-ல் வாங்கிய ஹெர்குலிஸ். இந்தச் சைக்கிள் சென்னை அம்பத்தூரில் தயாரானது. முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கேதான் இருந்தது. இன்று நினைத்தால் சிரிப்பு வரும், அந்தக் காலத்தில் சைக்கிளுக்கும் லைசென்ஸ் உண்டு! வருஷா வருஷம் வரி கட்டி, ஒரு தகர வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். தாத்தாவின் வில்லைகள் ஏழெட்டு ஒரு நூலில் கோத்துக் கிடக்கின்றன. தினமும் கரிசல் காட்டு வெயிலில் எட்டயபுரம் வரை மிதித்துப் போய் வந்திருக்கிறார். அதற்கு மேல் சைக்கிளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கடைசிவரை ஒழுங்காக ஓடியது.

இரண்டாவது வண்டிதான் விஷயமே.

1974-ல் தாத்தா ஒரு ஸ்கூட்டருக்குப் பதிவு செய்தார். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 250 ரூபாய் போட்டு, பாஸ் புத்தகத்தை டீலர் பெயருக்கு அடமானமாக எழுதிக் கொடுத்து, வரிசை எண்ணோடு ஒரு சீட்டு வாங்கி வந்தார். வண்டி எப்போது வந்தது தெரியுமா? 1982-ல். எட்டு வருஷம்! பதிவு செய்யும்போது பால்குடி மறக்காத என் அப்பா, வண்டி வரும்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

இவ்வளவு தாமதம் ஏன்? கம்பெனிக்காரர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. 1951-ம் வருஷத்துத் தொழில்கள் சட்டப்படி ஒரு தொழிற்சாலை எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசாங்கம் கொடுக்கும் லைசென்ஸ்தான் முடிவு செய்யும். போதாததற்கு 1969-ல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. பெரிய நிறுவனங்கள் உற்பத்தியைக் கூட்ட அதன்படியும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இத்தாலியின் பியாஜியோவோடு இருந்த வெஸ்பா ஒப்பந்தம் 1971-ல் முடிந்த பிறகு, பஜாஜ் 1972-ல் ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரை வைத்து சேத்தக்கைக் கொண்டுவந்தது. ஊரே கேட்டது. ஆனால் கேட்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை வண்டி செய்ய அனுமதி இல்லை. விலைக்கும் கட்டுப்பாடு, விநியோகத்துக்கும் கட்டுப்பாடு. வெளிநாட்டிலிருந்து அந்நியச் செலாவணி அனுப்ப உறவினர் யாராவது இருந்தால் வண்டி சீக்கிரம் கிடைக்கும். எங்கள் தாத்தாவுக்கு மதுரைக்கு அப்பால் உறவே கிடையாது :-)

தேவை இருந்து சரக்கு இல்லையென்றால் என்ன ஆகும்? முதல் வருஷ எக்கனாமிக்ஸ். கள்ளச் சந்தை வரும். வந்தது. புது வண்டியின் கம்பெனி விலையை விட ஏற்கெனவே ஓடிய பழைய வண்டியின் விலை அதிகமாக இருந்தது. கார், ஸ்கூட்டர் எல்லாம் வாங்கிய நாளிலிருந்து தேய்மானம் என்று நாம் கணக்கு எழுதுகிறோம். அன்றைக்கு நிலைமை தலைகீழ், நாள் ஆக ஆக ஏறுமுகம்!

தாத்தாவின் வண்டி வந்த அதே வருஷம் பெரிய அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கையில் இருந்த ஒரே 'நிலம்' அந்த ஸ்கூட்டர்தான். வீட்டு வாசலுக்கு வரும் முன்பே, ஒரு பஞ்சு வியாபாரிக்கு விலைக்கு மேல் விலை வைத்துக் கொடுத்துவிட்டார். எட்டு வருஷம் காத்திருந்த வண்டியில் தாத்தா ஒரு தடவை கூட உட்காரவில்லை. அந்த லாபத்தில்தான் அத்தையின் தாலிக்கொடியும் பந்தல் செலவும். எத்தனை ரூபாய் கூடக் கிடைத்தது என்று கேட்டேன், சொல்லவில்லை. ஆச்சி மட்டும், "பத்து நாளு யார்கிட்டயும் பேசல உங்க தாத்தா" என்றாள்.

"அப்போ அதை உங்க வண்டின்னு எண்ணலாமா தாத்தா?" என்றேன்.

"எண்ணாம? நம்ம வண்டிதாம்லே. ஓட்டத்தான் இல்ல."

மூன்றாவது, 1984-ல் வாங்கிய டிவிஎஸ் 50. ஓசூரில் 1980-ல் தயாரிக்க ஆரம்பித்த மொபெட். இரண்டு பேர் உட்காரலாம், பெடலும் உண்டு. அரிசி மூட்டை, ஆச்சி, அப்பா, சில சமயம் மூன்றும் சேர்ந்து போயிருக்கின்றன. அதே 1984-85-ல் ஜப்பான் கூட்டணிகளுக்கு அரசு கதவைத் திறந்தது. ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 வந்தது 1985-ல். பிறகு 1991 வந்தது, கதை எல்லோருக்கும் தெரியும். வரிசையில் நிற்கும் வேலை வாங்குபவரிடமிருந்து விற்பவருக்குப் போனது.

அந்த 1991-லேயே தாத்தா கடைசியாக ஒரு சேத்தக் வாங்கினார், செகண்ட் ஹேண்ட். எஞ்சின் வலது பக்கம் இருப்பதால் வண்டி கொஞ்சம் அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தால் இடது பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, ஒரு உதை. தமிழ்நாட்டில் பாதி அப்பாக்களுக்கு இதுதான் உடற்பயிற்சி. 2002-ல் கண் பார்வை மங்கியதும் விற்றுவிட்டார். பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பையே விடப்போவதாக 2009-ல் அறிவித்தது. அந்தப் பெயர் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது 2020-ல்.

இங்கேதான் என் சட்டப் பாடம் மறுபடி வருகிறது. பெட்டியில் சேத்தக் விற்ற ரசீது இருக்கிறது, ஆனால் பெயர் மாற்றிய அத்தாட்சி எதுவும் இல்லை. வாங்கியவர் "அடுத்த வாரம் மாத்திக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 50-வது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவரும் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால்? நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. 1930 சட்டப்படி விற்றாயிற்று. 1988 சட்டப்படி இன்னும் தாத்தா வண்டிதான்!

என் ஸ்கூட்டருக்கு 24 மாதத் தவணை. கடையில் நுழைந்து நாற்பது நிமிஷத்தில் சாவி கொடுத்துவிட்டார்கள். ஆர்.சி.யில் என் பெயருக்குக் கீழே ஃபைனான்ஸ் கம்பெனி பெயரும் இருக்கிறது. தாத்தா அந்த அட்டையைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் படித்துவிட்டு, "அப்ப இது யாரு வண்டி?" என்று கேட்டார். இன்னும் 19 தவணை பாக்கி இருக்கிறது தாத்தா என்றேன்.

சேத்தக்கைப் பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, விற்ற ரசீதின் நகலையும் வைத்து, போன வாரம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். கையெழுத்துப் போடும் முன் தாத்தா கேட்டது ஒன்றுதான், "ஒருவேளை அது இன்னும் ஓடிட்டு இருக்குமோ?"