சபராளியின் கடிதம்

கடற்கரை ஊர்களில் வாழ்ந்த நம் பாட்டிமாரின் மரப்பெட்டிகளைத் திறந்து பார்த்தால், அடியில் பழுப்பேறிய கடிதக் கட்டொன்று கிடைப்பதுண்டு. எழுத்தோ அரபு; ஆனால், அரபு மொழி மட்டுமே அறிந்தவருக்கு அதன் பொருள் விளங்காது. உரக்க வாசித்தால் காதில் விழுவது நம் தமிழ்! அதுவே அரபுத்தமிழ். தமிழின் ட, ள, ழ போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி, நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்துமுறை அது.

1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் துறைமுகங்களாயின. அதன்பின் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களிலிருந்து இளைஞர் பலர் சபர் புறப்பட்டனர். சென்ற இடத்திலும் அவர்கள் ஊரை மறக்கவில்லை என்பதற்கு, சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்த நாகூர் தர்காவே சான்று.

ஆனால் வீட்டோடு பேசுவது எங்ஙனம்? ஓதப் பழகிய நம் பெண்களில் பலர் அரபு எழுத்தை அறிவர். தமிழ் எழுத்தை அறியார். மகன் தமிழெழுத்தில் எழுதினால், வாசித்துக் காட்ட அயலார் ஒருவரை அழைக்க வேண்டும். அனுப்பிய பணமும், பட்ட கடனும், மனைவிக்குச் சொல்ல நினைத்த ஆறுதலும் தெருவுக்குத் தெரிந்துவிடும். அரபுத்தமிழில் எழுதினாலோ, உம்மா தாமே வாசிப்பார். மனைவி தானே மறுமொழி எழுதுவாள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் நூல்கள் இயற்றிய அதே எழுத்து, குடும்ப இரகசியத்தையும் காத்தது. பெண்கள் படிப்பறியாதவர் என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்திக்கட்டும்.

1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்திற்கு ஆட்களோடு தபாலையும் கொண்டுவந்தன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 செப்டம்பர் வரை, மூன்றரை ஆண்டுகள், வழக்கமான கடிதப் போக்குவரத்து அறுந்தது. மகன் உயிரோடிருக்கின்றானா என்றறியாத தாய்மாருக்குப் பழைய கடிதங்களன்றி வேறு துணை ஏது?

பின்னர் பெண்மக்கள் பள்ளி சென்று தமிழெழுத்துக் கற்றனர். அது நாம் மகிழவேண்டிய மாற்றமே. ஆயினும், அதனோடு அரபுத்தமிழை வாசிப்போர் குறைந்தனர். இன்று வளைகுடாவிலிருந்து மகன் நாள்தோறும் முகம் காட்டிப் பேசுகின்றான். பேசி முடித்ததும் அப்பேச்சு மறைந்துவிடுகின்றது. பாட்டனார் எழுதியதோ பெட்டியில் இருக்கின்றது. வாசிக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

அன்பர்களே! வீட்டைப் புதுப்பிக்கும்போது அக்கட்டைக் குப்பையெனக் கருதி எரித்துவிடாதீர்கள். ஊரில் அவ்வெழுத்தறிந்த ஆலிமோ மூதாட்டியோ இன்னும் இருப்பின், வாசிக்கச் சொல்லித் தமிழெழுத்தில் படியெடுத்து வையுங்கள். அவர்களும் மறைந்தபின், நம் வீட்டுக் கடிதமே நமக்கு அயலாருடையதாகிவிடும்.