குடியும் குற்றமும்

குடியே குற்றத்திற்கு வித்து என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து மேடைதோறும் முழங்கியது. ஆயின் அதனை எண்ணாற் சோதிப்பது எங்ஙனம்? ஆளின் உயரத்தை அளக்கலாம். குற்றத்தின் வகையை எக்கோல் கொண்டு அளப்பது? இலண்டனிற் கணிதப் பேராசிரியராயிருந்த கார்ல் பியர்சன் 1900ஆம் ஆண்டிற் கைவர்க்கச் சோதனையை வகுத்தார். தொடர்பே இல்லையெனின் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருத்தல் வேண்டும், உண்மையில் எத்தனை பேர் உளர் என ஒப்பிடுவதே அதன் சாரம்.

1909இல் அவர் ஆராய்ந்த குற்றவாளிகள் 1426 பேர். அவருட் குடிப்போர் 753, குடியாதோர் 673. தீவைத்தல், வன்புணர்ச்சி, வன்செயல், களவு, கள்ளநாணயம் ஆகிய ஐந்திலும் குடிப்போர் நூற்றுக்கு 54 முதல் 59 வரையினரே. மோசடி செய்தோர் 207 பேரிலோ 63 பேர் மட்டுமே குடிப்போர். பிறரை ஏய்ப்பதற்குத் தெளிந்த மூளை வேண்டும் போலும்!

கைவர்க்கம் 50ஐ அண்மியது, தற்செயலென்று தள்ளவியலாது. மோசடிக்காரரை நீக்கினாலோ அது 1ஐச் சற்றே விஞ்சி நின்றுவிடுகிறது. 1946இல் சுவீடன் நாட்டு ஹரால்ட் கிராமர் தந்த, 0 முதல் 1 வரை செல்லும் குணகத்தால் முழு அட்டவணையையும் அளப்பின் 0.19 மட்டுமே. மேலும், அவ்வட்டவணையிற் குற்றஞ்செய்யாதார் ஒருவரும் இலர்; எனவே, குடி ஒருவனைக் குற்றவாளியாக்குமா என்ற வினாவிற்கு அதில் விடையே கிடையாது.