கட்டளைச் சொற்களைப் பகுத்த வரலாறு

சொல்லைப் பிரிக்குமிடம் மாறின் பொருளும் மாறும் என்பதைத் தமிழ் உரைமரபு நன்கறியும். கணினிக்கு இடும் கட்டளைக்கும் இவ்வுண்மை பொருந்தும். கட்டளையைத் தொடரும் சொற்களுள் செயல்முறையை வரையறுக்கும் தெரிவு எது, கோப்பின் பெயர் எது எனப் பகுத்தறிதல் வேண்டும். வேற்றுமை உருபு பெயரின் பணியைக் காட்டுவதுபோல, முன்னிற்கும் சிறுகோடு தெரிவைக் காட்டும்.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் யூனிக்சை உருவாக்கத் தொடங்கினர். அதன் தொடக்க காலத்தில் ஒவ்வொரு நிரலும் இச்சொற்களைத் தன் போக்கிலேயே பகுத்தது. இக்குறையை நீக்க எழுந்ததே ‘கெட்ஒப்ட்’ என்னும் நிரற்கூறு. 1985இல் டல்லாஸ் நகரில் நடைபெற்ற யூனிபோரம் மாநாட்டில் ஏரி அன்ட் ரி நிறுவனம் அதனை எவரும் பயன்படுத்தத்தக்க பொதுச்சொத்தாக வெளியிட்டது.

எனினும், கட்டளைத்தொகுப்புகளுக்கென அதே பெயரில் அமைந்த பழைய கட்டளை, பெயரின் நடுவே வரும் இடைவெளியைப் பேணத் தவறியது. புத்தளம் மாவட்டத்து எத்தாளையில் ஒருவர் தம் கோப்புக்கு ‘எத்தாளை மீன்பிடி’ எனப் பெயரிட்டாரெனக் கொள்வோம். மேற்கோட்குறியுள் இட்டாலும் அப்பெயர் இரு சொற்களாகப் பிளவுறும். இடப்பட்டது அழித்தற் கட்டளையாயின், ‘எத்தாளை’ என்னும் பெயருடைய வேறொரு கோப்பே அழிந்துபடும்.

பின்னர்த் தோன்றிய ‘கெட்ஒப்ட்ஸ்’, சொற்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அவற்றின் எல்லையைச் சிதையாது காத்தது. தெரிவுகள் முடிந்தமையை இரட்டைச் சிறுகோடு உணர்த்தலாயிற்று. அதன்பின் வருவது சிறுகோட்டுடன் தொடங்கினும் பெயரே ஆகும். இட்டவர் கருதிய எல்லையைக் காத்தலே பகுப்பின் முதற்கடமை என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.