மெதுவா ஓடுங்க: அரை மாரத்தான் அட்டவணைக்குப் பின்னால் ஒரு ஷூ தொழிலாளி

முதல் முறை அரை மாரத்தான் ஓடப்போகிறவர்களுக்கான பயிற்சி அட்டவணைகளில் ஒரு பத்தை எடுத்து வரிசையா வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வாரமோ பதினாறு வாரமோ, கட்டங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். வாரத்தில் மூணு நாலு நாள் ஓட்டம். வாரக் கடைசியில் ஒரு நீண்ட ஓட்டம். அது 5, 6 கிலோமீட்டரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமா ஏறி 16, 18 வரை போகும். எல்லாத்துக்கும் மேல ஒரு விதி: பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓடமுடிகிற வேகம் போதும். பேச்சு வரலைன்னா வேகத்தைக் குறைக்கணும்.

புதுசா ஓட வருகிறவர்களுக்கு இந்த விதி மேலதான் நம்பிக்கையே வராது. 21.0975 கிலோமீட்டர் ஓடப்போகிறவன் ஆமை மாதிரி ஓடி எப்படித் தேறுவான்? மூச்சு வாங்கினாத்தானே பயிற்சி? நியாயமான சந்தேகம்தான். எழுபது வருஷத்துக்கு முன்னால் உலகின் பெரிய பயிற்சியாளர்கள் பலரும் இதே கட்சியில்தான் இருந்தார்கள். அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டாப்வாட்ச் காலம்

1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைன்டெல் என்ற இதய மருத்துவரும் ஒரு முறையை வளர்த்தெடுத்தார்கள். குறுகிய தூரத்தை வேகமா ஓடணும், நாடித்துடிப்பு இறங்கும்வரை நிற்கணும், மறுபடி ஓடணும். இதுதான் இன்டர்வல் பயிற்சி. கெர்ஷ்லரின் மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939ல் 800 மீட்டரை 1 நிமிஷம் 46.6 விநாடியில் ஓடினார். அந்தச் சாதனை 16 வருஷம் நின்றது. அடுத்து செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜடோபெக். ஒரே நாளில் 400 மீட்டர் சுற்றுகளை இருபது, முப்பது தடவை திரும்பத் திரும்ப ஓடிப் பழகியவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

முறை வேலை செய்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனா அது யாருக்கு வேலை செய்தது என்பதுதான் கேள்வி. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்பது வயசுக்காரர் ஒருவரை மைதானத்தில் இறக்கி 400 மீட்டரை முழு மூச்சில் ஓடச் சொன்னால், ரெண்டாவது சுற்றிலேயே வீட்டுக்குப் போயிடுவார். போதாததுக்கு, அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்ததே வாரக்கணக்கான படுக்கை ஓய்வுதான். ஓட்டம் என்பது இளைஞர்களுக்கான போட்டி விஷயம். மத்தவங்க வேடிக்கை பார்க்கலாம்.

ஆக்லாந்தில் ஒரு சோதனை எலி

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆர்தர் லிடியார்ட் (1917–2004) ஷூ தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீட்டுச் செலவுக்குப் போதாமல் பால் ஊற்றும் வேலையும் செய்தார். ரக்பி ஆடுகிறவர், அதனால் உடம்பு நல்லா இருக்குன்னு நினைப்பு. 1940களின் நடுவில், தன்னைவிட வயதில் மூத்த ஓட்டக்காரர் ஒருவரோடு சில மைல் ஓடியபோது அந்த நினைப்பு போய்விட்டது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசிலேயே இப்படின்னா நாற்பத்தேழில் என்ன ஆகும் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அவரிடம் ஆய்வுக்கூடம் கிடையாது, பட்டமும் கிடையாது. தன் உடம்பையே சோதனை எலியாக்கினார். பல வருஷம் வாரத்துக்கு எவ்வளவு தூரம், எந்த வேகம் என்று மாற்றி மாற்றி ஓடிப் பார்த்தார். ரொம்பக் குறைத்தும் பார்த்தார், தாங்கமுடியாத அளவுக்கு ஏற்றியும் பார்த்தார். கடைசியில் வாரம் 100 மைல், அதாவது சுமார் 160 கிலோமீட்டர், மூச்சுத் திணறாத வேகத்தில் ஓடுவதுதான் தனக்குச் சரி என்று முடிவுக்கு வந்தார். முதலில் மாசக்கணக்கில் இந்த அடித்தளம். அப்புறம் மேட்டு ஓட்டம். வேகப் பயிற்சி கடைசி சில வாரம் மட்டும். 1953லும் 1955லும் நியூசிலாந்து மாரத்தான் சாம்பியன் ஆனார்.

அவரோடு ஓட வந்த பையன்களும் இதே வழிக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வைட்டாகெரெ மலைப் பக்கம் 22 மைல், சுமார் 35 கிலோமீட்டர் சுற்று. மாரத்தான்காரர்களுக்கு மட்டும் இல்லை, 800 மீட்டர் ஓடுகிறவருக்கும் அதே 22 மைல்தான். ரெண்டு நிமிஷத்தில் முடிகிற பந்தயத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டமா என்று கேட்டவர்களுக்கு 1960 செப்டம்பர் 2ம் தேதி ரோம் ஒலிம்பிக்கில் பதில் கிடைத்தது. அதிகம் பேர் கேள்விப்பட்டிராத பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். ஒரு மணி நேரத்துக்குள் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம். ரக்பியில் அடிபட்டு இடது கை சூம்பிப்போனவர் ஹால்பெர்க். சில நாள் கழித்து மாரத்தானில் பாரி மகீக்கு வெண்கலம். மூன்று பேரும் லிடியார்டின் ஆட்கள். மொத்த மக்கள்தொகை 25 லட்சம்கூட இல்லாத நாடு அது.

பந்தயத்தில் இருந்து பூங்காவுக்கு

பதக்கங்களோடு கதை முடிந்திருந்தால் நமக்கு இதில் பெரிசா வேலை இல்லை. 1960களின் தொடக்கத்தில் லிடியார்ட் இன்னொரு காரியம் செய்தார். தொப்பை விழுந்த நடுத்தர வயது வியாபாரிகள், மாரடைப்பில் பிழைத்தவர்கள் ஆகியோரை மெதுவா ஓட வைத்தார். பின்னாளில் ஆக்லாந்து மேயரான காலின் கேயும் சேர்ந்துகொள்ள, ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப் உருவானது. அங்கே யாரும் யாரையும் முந்தத் தேவையில்லை. பேசிக்கொண்டே ஓடினால் போதும்.

1962 கடைசியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே வந்தார். ஐம்பது வயது தாண்டியவர். கூட்டத்தோடு ஓடியவர் மேட்டில் பின்தங்கிவிட்டார். அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு துணைக்கு வந்தவர் எழுபது தாண்டிய, ஏற்கனவே மாரடைப்பு வந்த ஒரு முதியவர். ஒலிம்பிக் வீரர்களைத் தயார்செய்கிற பவர்மனுக்கு அது சரியான அடி. ஊர் திரும்பியதும் யூஜீன் நகரத்து மக்களை ஓட வைக்கத் தொடங்கினார். இதய மருத்துவர் டபிள்யூ. இ. ஹாரிஸோடு சேர்ந்து அவர் எழுதிய ‘ஜாகிங்’ என்ற சின்னப் புத்தகம் 1967ல் வந்து லட்சக்கணக்கில் விற்றது. நைக்கியாக வளர்ந்த நிறுவனத்தை ஃபில் நைட்டோடு சேர்ந்து தொடங்கியவரும் இவரேதான்.

அரை மாரத்தானுக்கு வரும் வழியும் ஆக்லாந்து வழியாகத்தான் போகிறது. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் வெண்கலம் வென்ற இங்கிலாந்தின் பிரெண்டன் ஃபாஸ்டர், 1979ல் ஆக்லாந்தில் ‘ரவுண்ட் த பேஸ்’ ஓட்டத்தில் கலந்துகொண்டார். கிழவர், குழந்தை, குடும்பம் என்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் ஓடுவதைப் பார்த்தவர், அதே மாதிரி ஒன்றைத் தன் ஊர்ப்பக்கம் நடத்த முடிவுசெய்தார். 1981 ஜூனில் நியூகாசிலில் இருந்து சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரை வரை முதல் ‘கிரேட் நார்த் ரன்’ நடந்தது. தூரம் ஒரு அரை மாரத்தான். சுமார் 12,000 பேர் பெயர் கொடுத்தார்கள். 2014ல் அந்த ஓட்டத்தை முடித்தவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. ஒலிம்பிக்கில் இன்றுவரை இடம்பெறாத ஒரு தூரம், சாதாரண ஜனங்களின் தூரமாக மாறியதில் இந்த மாதிரி ஓட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மெதுவோட்டம் உள்ளே என்ன செய்கிறது?

விஞ்ஞானம் பின்னால்தான் வந்தது. 1967ல் அமெரிக்காவில் ஜான் ஹோலோசி எலிகளைப் பல வாரம் ஓடவைத்து ஆராய்ந்தார். அவற்றின் தசைகளில் ஆக்ஸிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் சுமார் இரண்டு மடங்கானது தெரிந்தது. தொடர்ந்து ஓடும்போது தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கூடுகின்றன, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. இதற்கெல்லாம் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் ஓட்டம் வேண்டும். தினமும் விழுந்தடித்து ஓடுகிறவரால் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியாது. மூச்சு பழகும் வேகத்தில் எலும்பும் தசைநாணும் பழகுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெண்டு மாசத்தில் ‘நல்லா ஓடுறோமே’ன்னு வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்குக் கணுக்கால் எலும்பு வலி வருவது இதனால்தான். பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

ரெண்டு எச்சரிக்கைகள். ஒன்று, லிடியார்டின் வீரர்கள் ஓடியது சோம்பேறி ஓட்டம் இல்லை. அவர்களுடைய ‘மூச்சுத் திணறாத வேகம்’ நமக்கு முழு ஓட்டமா இருக்கும். அவர் சொன்ன அளவுகோல் அவரவர் உடம்புதான். இந்தச் சிந்தனை அவர் ஒருவருக்கே சொந்தமும் இல்லை. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். இரண்டு, ஓட்டம் இதயத்துக்கான தடுப்பூசி இல்லை. 1977ல் ஓட்டம் பற்றிய புத்தகம் எழுதி அமெரிக்காவையே ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸ், 1984ல் ஓடப்போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். வயது 52. அவருடைய அப்பாவுக்கும் இளம் வயதிலேயே இதயநோய் இருந்தது. வீட்டில் அப்படி யாருக்காவது இருந்தால், அட்டவணையை ஒட்டி வைப்பதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த விதியை இனி எங்காவது பார்த்தால் அது யாரோ சோம்பேறிக்கு எழுதிவைத்த சலுகை என்று நினைக்க வேண்டாம். ஒரு மனுஷன் பத்து வருஷம் தன் காலைத் தேய்த்துக் கண்டுபிடித்தது அது. முதலில் தங்கம் வாங்கியவர்கள் அதில் தேறினார்கள், அடுத்து மாரடைப்பில் பிழைத்தவர்கள் தேறினார்கள். நமக்கும் அது போதும். ஞாயிற்றுக்கிழமை 8 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் பேசத் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முந்திப் போகிறவர்கள் போகட்டும்.