மருமகன் கொண்டுவந்த சட்டம்

இந்தியாவின் வாரிசு அரசியலைப் பற்றிக் கதைத்தால் நேரு, இந்திரா, ராஜீவ் என்று போய்விடுவோம். இடையில் பெரோஸ் காந்தியை மறந்துவிடுவோம். இந்திராவின் கணவர்; பிரதமர் நேருவின் மருமகன். நேரு தொடங்கிய நேஷனல் ஹெரால்ட் பத்திரிகையை 1946 முதல் நிர்வகித்தவர். பிறகு ரேபரேலிப் பக்கம் வென்ற எம்.பி.

1956 இல் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம் முக்கியமானது: பாராளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி எழுதும் பத்திரிகைமேல், கெட்ட நோக்கம் இல்லாவிட்டால், வழக்குப் போடேலாது. அடுத்த வருடமே முந்த்ரா விவகாரத்தைக் கிளப்பினார். அரச காப்புறுதி நிறுவனமான எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பனிகளில் ஒன்றேகால் கோடி ரூபாயளவு போட்டிருந்தது. 1958 இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மாமனாரின் அமைச்சர்!

'நல்ல வாரிசு' என்று கைதட்ட எங்களுக்கு மனம் வரேல்லை. அந்த வீட்டு ஆள் இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் அதே கேள்விக்கு இவ்வளவு காது கிடைத்திருக்குமா?

பெரோஸ் 1960 இல் இறந்தார். 1975 டிசம்பரில், அவசரநிலைக்குள், அந்தச் சட்டத்தை நீக்கியது இந்திராவின் அரசு. பத்திரிகைகளுக்கு ஏற்கெனவே தணிக்கை. மகன் சஞ்சய், அரசாங்கப் பதவி எதுவும் இல்லாமலே, அமைச்சர்களை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தார். கணவர் கொடுத்தது, மனைவி எடுத்தது. ஒரு நாட்டுப் பத்திரிகைகளின் உரிமை, ஒரு வீட்டுக்குள்ளே நடந்த கொடுக்கல் வாங்கல் மாதிரி.

1977 இல் ஜனதா அரசு அந்தச் சட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. ரேபரேலியோ? 2024 இல் அங்கே வென்றவர் பெரோஸின் பேரன் ராகுல்.