எருமை மேல் ஓர் ஊர்வலம்

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மன்னரின் படைத்தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் நட்பு அவரைக் கிறிஸ்துவிடம் அழைத்துச் சென்றது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

பதவி, உறவு, சாதி மதிப்பு மூன்றும் ஒரே நாளில் ஆட்டம் கண்டன. தாழ்த்தப்பட்டவர்களோடு அவர் சமமாகப் பழகியது மேல்சாதியினரின் கோபத்தை இன்னும் கிளறியது.

1749-இல் கைது. தண்டனையில் உடல் வேதனையைவிட அவமானத்துக்கே அதிக இடம். எருமை மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்கிறது குமரி மாவட்ட மரபு. அடியும் மிளகாய்ப் புகையும் தனி. தெரிந்த முகங்கள் திரண்டு நின்று நகைக்கும் தெருவில் மனம் உடைவதுதான் எளிது. பழைய மதத்துக்குத் திரும்பியிருந்தால் விடுதலை கிடைத்திருக்கும். அவர் திரும்பவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பலர் பிறகு அவரிடம் ஜெபம் கேட்டு வரத் தொடங்கினார்கள். அதிகாரத்தைக் கலங்கவைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமானது.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த அறிவிப்பில் ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயர் இல்லை.