காணிக்கு முற்பணம் கொடுத்தவர் எப்போது பின்வாங்கலாம்?

எங்கள் ஊர்களில் ஒரு வீட்டுக் காணி என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு. வெளிநாட்டில் உழைத்த பணமும் விற்ற நகையும் ஒரே கையொப்பத்தில் கைமாறுகின்றன. நான் சட்டத்தரணி அல்ல, பாடசாலை ஆசிரியர். ஆனாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய உறுதிகளை வாசித்து விளங்கப்படுத்தும்படி பெற்றோர் என்னிடம் கொண்டுவருகிறார்கள். கடைசியில் அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், இத இனி கென்சல் பண்ண ஏலுமா?"

ஏலும், ஆனால் காரணம் வேண்டும் என்பதே சுருக்கமான பதில். அந்தக் காரணங்கள் எவை என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மனம் மாறினால் மட்டும் போதாது

காணி வாங்கிய பின் சில நாட்களுக்குள் காரணமின்றித் திருப்பிக் கொடுக்கும் உரிமை எமது நாட்டுச் சட்டத்தில் இல்லை. மார்க்கச் சட்ட நூல்களில் வரும் மூன்று நாள் தெரிவுரிமையைச் சிலர் நினைவூட்டுவார்கள். அதுவும் இரு தரப்பும் பேசி நிபந்தனையாக வைத்தால்தான் உண்டு. இங்கு காணி விற்பனை ரோமன் டச்சுச் சட்டத்துக்கும் கட்டளைச் சட்டங்களுக்கும் உட்பட்டது. அப்படியொரு அவகாசம் வேண்டுமானால் உடன்படிக்கையிலேயே எழுத வேண்டும்.

துண்டுக் கடதாசியில் எழுதிய முற்பணம்

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியை விற்பது மட்டுமல்ல, விற்பதாக வாக்களிப்பதும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் கையொப்பமிடப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு "காணியை எழுதித் தா" என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது.

விற்பவர் எழுதித் தர மறுத்தால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம். ஆனால் அவர் எழுதித் தரத் தயாராக நிற்க, வாங்குபவரே பின்வாங்கினால் அந்தப் பணத்தை மீட்பது கடினம்.

நொத்தாரிசு எழுதிய விற்பனை உடன்படிக்கை

இங்கு இரத்துச் செய்யும் உரிமை பெரும்பாலும் உடன்படிக்கையின் வாசகங்களில்தான் இருக்கிறது. விலை 40 இலட்சம், முற்பணம் 10 இலட்சம், தவணை ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் தவறினால் முற்பணம் பறிபோகும் என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். விற்பவர் தவறினால் என்ன என்பதும் அதேயளவு தெளிவாக இருக்க வேண்டும்: முற்பணமும் நட்டஈடும் திரும்பக் கிடைக்குமா, அல்லது உறுதியை எழுதித் தருமாறு கட்டாயப்படுத்தலாமா? இரண்டில் எதைத் தெரிவது என்பது வாங்குபவரின் விருப்பம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

உறுதி எழுதிய பின்

உறுதி முடிந்துவிட்டால் ஒரு தரப்பு தனியாக அதை இரத்துச் செய்ய முடியாது. இருவரும் இணங்கி மீண்டும் நொத்தாரிசிடம் போக வேண்டும். இல்லையேல் மாவட்ட நீதிமன்றம்தான். அங்கு வாங்குபவருக்குக் கைகொடுக்கும் காரணங்கள் இவை:

1. உரிமைக் குறைபாடு. எங்கள் சமூகத்தில் அதிகம் வரும் சிக்கல் இதுதான். வாப்பா மௌத்தான பின் மகன் முழுக் காணியையும் விற்கிறார். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி பங்குகள் மார்க்கச் சட்டத்தைப் பின்பற்றும். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார் மாத்திரம் வாரிசுகள் என்றால், மனைவிக்கு 8இல் 1, மகனுக்கு 16இல் 7, மகள்மாருக்குத் தலா 32இல் 7. மகன் தனியாக எழுதினால் வாங்குபவருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. சகோதரிமார் வழக்குப் போட்டால் உடனே விற்றவருக்கு அறிவித்து, உரிமையைப் பாதுகாத்துத் தருமாறு கோர வேண்டும்.

2. வெற்று உடைமை கிடைக்காமை. வேறொருவர் குடியிருக்கும் காணியை விற்றவர், அதைக் காலி செய்து ஒப்படைக்கத் தவறினால் வாங்குபவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

3. பொய்யுரை. 20 பேர்ச்சஸ் என்று சொன்ன காணி அளந்தால் 16 ஆக இருப்பதும், பாதை உண்டு என்று நம்பவைத்து விற்றதும் இதில் அடங்கும். குறையின் தன்மைக்கேற்ப விலைக்குறைப்போ இரத்தோ கேட்கலாம்.

4. இரட்டிப்புக்கு மேற்பட்ட விலை. 20 இலட்சம் பெறுமதியான காணிக்கு 40 இலட்சத்துக்கு மேல் கொடுத்திருந்தால் ரோமன் டச்சுச் சட்டம் இரத்துக் கேட்க இடமளிக்கிறது. தென்னாபிரிக்கா இந்த விதியை 1952இல் நீக்கிவிட்டது. எமது சட்டத்தில் நிலைத்திருக்கிறது. உண்மைப் பெறுமதியைத் தெரிந்தே வாங்கியவருக்கு இது பொருந்தாது.

5. அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்ட காணியை உரிய அனுமதியின்றி விற்றால் அந்த உறுதி தொடக்கத்திலிருந்தே செல்லாது. கிழக்கிலும் வடமத்தியிலும் வாங்குவோர் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும்.

காரணம் தெரியவந்தால்

குறை தெரிந்த பிறகும் மதில் கட்டி, மரம் நட்டு உரிமையாளராக நடந்துகொண்டால், விற்பனையை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படலாம். சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு 6 வருடம், மற்றப் பல கோரிக்கைகளுக்கு 3 வருடம்தான். "மச்சான்தானே, தருவார்" என்று காத்திருந்தே பலர் அந்தக் காலத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

கையொப்பத்துக்கு முன்

காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். "தேடுதல் வேண்டாமெனத் தரப்பினர் கேட்டுக்கொண்டனர்" என்ற வரி உறுதியில் இருந்தால் கையொப்பமிடாதீர்கள். உடன்படிக்கையையும் உறுதியையும் தாமதமின்றிப் பதியுங்கள். பதியாத உறுதியை, பின்னர் எழுதி முந்திப் பதியப்பட்ட உறுதி தோற்கடித்துவிடலாம்.

உறுதியை வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை. அதைத் தமிழில், இரத்து நிபந்தனை உட்பட, வரிக்கு வரி சொல்லும்படி கேளுங்கள். அரை மணித்தியாலம் கூடுதலாகச் செலவாகும். நீதிமன்றத்தில் கழியும் வருடங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.